வடக்குப் பாதையில் ஓர் இரவு: நாலந்தா வழித் தங்குமிடங்களின் வரலாறு

கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, அக்குறணை வழியாக மேலேறி, பலகடுவைக் கணவாயைத் தாண்டி மாத்தளைப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அங்கிருந்து அலுவிகாரை, பலாபத்வலை ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு, மாத்தளைக்கு வடக்கே ஏறத்தாழ 15 மைல் தொலைவில் நாலந்தாவை அடைந்து, பின் நாவுலை, தம்புள்ளை, மிகிந்தலை, வவுனியா என நீண்டு யாழ்ப்பாணத்தில் முடிகிறது. இன்று ஏ-9 என்ற எண்ணால் அறியப்படும் இச்சாலையின் நீளம் 321 கிலோமீற்றர். பேருந்தில் செல்வோர்க்கு நாலந்தா சில நிமிடங்களில் கடந்து மறையும் ஒரு சிற்றூர். ஆனால் மனிதரும் மாடும் நடந்தே பயணம் செய்த காலத்தில் அது கட்டாயம் தங்கவேண்டிய இடமாக இருந்தது. பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒரு பகலில் கடக்கக்கூடிய தூரம் ஏறத்தாழ 15 மைல்தான் என்பதால், காலையில் மாத்தளையை விட்டுப் புறப்பட்ட வண்டி பொழுது சாயும் வேளையில் நாலந்தாவுக்கு வந்து சேரும். தம்புள்ளை அதற்கு மறுநாள் தூரம். மலைநாட்டின் ஈரமும் குளிரும் இப்பகுதியில்தான் முடிந்து, வடக்கின் உலர்வலயம் எனப்படும் மழை குறைந்த காட்டுநிலம் தொடங்குகிறது. வடக்கே செல்பவர்க்கு அது காடு தொடங்குமுன் கிடைக்கும் கடைசி நல்ல தங்கல். வடக்கிலிருந்து வருபவர்க்கோ மலையின் முதல் நிழல்.

இப்படியோர் எல்லையில் அமைந்த ஊர் படைகளின் கவனத்தையும் பழங்காலத்திலேயே ஈர்த்திருந்தது. இலங்கை அரசர்களின் வரலாற்றைப் பாலி மொழியில் கூறும் சூளவம்சம் என்னும் நூல், 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு ஆட்சியைப் பிடிக்க நடத்திய போர்களில் நாலந்தாவை ஓர் அரண் நிலையமாகக் குறிப்பிடுகிறது. பெருஞ்சாலைக்குக் கிழக்கே சற்று உள்ளடங்கி நிற்கும் நாலந்தா கெடிகே என்ற கற்கோவில், பல்லவர் காலத் திராவிடக் கட்டடப் பாணியில் அமைந்த பௌத்த வழிபாட்டிடமாகும். 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென ஆய்வாளர் கணிக்கும் அக்கட்டடம், தென்னிந்தியக் கைவினையும் கருத்தும் இவ்வழியே தீவின் நடுவரை வந்து தங்கியதற்குக் கல்லில் நிற்கும் சான்று. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின்கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அது நீரில் மூழ்கவிருந்ததால், 1970களில் கல் கல்லாகக் கழற்றப்பட்டு மேட்டில் மீண்டும் கட்டப்பட்டது. கெடிகேயின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அதற்கு அருகே ஓடிய சாலையில் இரவு தங்கியவர்களின் வரலாறு அத்தனை கவனம் பெறவில்லை.

கண்டி அரசின் காலத்தில், அதாவது 1815க்கு முன், மலைநாட்டில் வண்டி செல்லும் சாலை கிடையாது. பகைவரின் படை எளிதில் நுழையக்கூடாது என்பதற்காகப் பாதைகள் குறுகலாகவே வைக்கப்பட்டன. கடவத்தை எனப்பட்ட முள்வேலிக் காவல் வாயில்கள் முக்கியமான இடங்களில் வழியை மறித்தன. பொருள்கள் தவலம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களில் சென்றன. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு ஏறின. மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கின. இந்த வணிகத்தில் கண்டிப் பிரதேச முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கிருந்தது. இன்றும் இதே சாலையில் அக்குறணை ஒரு முஸ்லிம் வணிக ஊராக விளங்குவது அந்த மரபின் தொடர்ச்சியாகவே கொள்ளத்தக்கது.

இப்பயணிகள் தங்கிய இடம் அம்பலம். சிங்களக் கிராமங்களில் வழியோரத்தில் ஊரார் கட்டிவைத்த திறந்த மண்டபத்துக்கு அம்பலம் என்பது பெயர். அதன் அமைப்பு எளிமையானது, ஆனால் நுட்பமானது. நான்கு மூலைகளில் நான்கு பெரும் பாறைக்கற்கள் இடப்பட்டு, அவற்றின்மேல் கனத்த மர உத்தரங்கள் ஒன்றோடொன்று குறுக்காகப் பொருத்தப்பட்டு, அவ்வுத்தரங்களிலிருந்து தூண்கள் எழும்பிக் கூரையைத் தாங்கும். மரம் மண்ணைத் தொடாமையால் கறையான் எளிதில் ஏறாது, மழைநீரும் தேங்காது, சுற்றிலும் ஓடும் உத்தரமே பகலில் இருக்கையாகவும் பயன்படும். கல்லும் மண்ணும் கொண்டு அரைச்சுவர் எழுப்பிக் கட்டிய வகையும் உண்டு. கதவு கிடையாது, காவலாளி கிடையாது, கட்டணமும் கிடையாது. வந்தவர் மூட்டையை இறக்கி, வெளியே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிச் சோறாக்கி, உண்டு, பாயை விரித்துப் படுத்து, விடியலில் எழுந்து செல்வார். குருணாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலத்தின் மரத்தூண்களில் காணப்படும் செதுக்கு வேலையைப் பார்ப்பவர்க்கு, ஒரு வழிப்போக்கனின் ஓரிரவுக்காக ஊரார் எவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும். அம்பலம் கட்டுவதும் அதனருகே குடிநீர்ப் பானை வைப்பதும் மறுமைக்குப் புண்ணியம் சேர்க்கும் செயல்கள் என்று பௌத்தர் நம்பினர்.

தமிழ் நிலத்தில் இதே அறம் வேறு உருவங்களில் இருந்தது. யாழ்ப்பாணத்து வீதிகளில் மடம், கேணி, ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி ஆகிய நான்கும் பல இடங்களில் ஒன்றையொன்று அடுத்து அமைந்திருக்கும்: மடம் மனிதர் தங்குவதற்கு, கேணி மனிதரும் மாடும் நீர் அருந்துவதற்கு, ஆவுரஞ்சிக்கல் மாடுகள் உடம்பை உராய்ந்துகொள்வதற்கு, சுமைதாங்கி தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றுவதற்கு. பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் வீதியின் குறுக்கே கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணை அமைத்துக் கட்டப்பட்டது. போக்குவரத்து அம்மண்டபத்தின் ஊடாகவே நடக்கும். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், இராமேசுவரம் செல்லும் வழிகளில் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராத்திய மன்னர்களும் கட்டிய சத்திரங்கள் யாத்திரிகர்க்குச் சோறும் இடமும் அளித்தன. இவற்றைப் போற்றும்போது ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: சத்திரத்திலும் மடத்திலும் சாதி வாசலில் நின்றது, யார் உள்ளே படுக்கலாம், யார் பந்தியில் உண்ணலாம், யார் வெளியே மரத்தடியில் ஒதுங்கவேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. அப்படியிருந்தும், வழிப்பயணியிடம் காசு வாங்காமல் இடம் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒருபோல வேரூன்றியிருந்ததை மறுக்க இயலாது.

1815இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமானதும் இந்நிலை மாறத் தொடங்கியது. 1820களில் ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், மலைநாட்டை அடக்கி வைப்பதற்குச் சாலையே முதல் கருவி என்று கருதினார். கொழும்பு – கண்டிச் சாலைக்குப் பின் வடக்கு, கிழக்குச் சாலைகள் திறக்கப்பட்டன. அவ்வேலைகளில் நெடுங்காலம் ஈடுபட்ட தோமஸ் ஸ்கின்னர் என்ற அதிகாரி, பதின்வயதிலேயே படையில் சேர்ந்து 1867 வரை பணியாற்றியவர். சாலைகளை வெட்டிய பயனியர் படை என்ற உழைப்பாளர் அணியில் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினராக இருந்தனர். கண்டி – மாத்தளை – நாலந்தா – தம்புள்ளைச் சாலை ஒருபுறம் திருகோணமலைத் துறைமுகத்தையும், மறுபுறம் அநுராதபுரம் வழியாக மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளையும் மலைநாட்டோடு பிணைத்தது.

சாலை எல்லோரையும் மகிழ்விக்கவில்லை. 1848இல் ஆளுநர் டொரிங்டனின் காலத்தில் கொண்டுவரப்பட்ட வீதிச் சட்டத்தின்படி, உடல்வலுவுள்ள ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு 6 நாள் சாலை வேலை செய்யவேண்டும், இல்லையேல் 3 சிலிங் செலுத்தவேண்டும். துப்பாக்கி வரி, நாய் வரி முதலியவற்றோடு இதுவும் சேர்ந்தபோது மக்களின் கோபம் வெடித்தது. அவ்வாண்டு ஜூலை 26ஆம் தேதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசராக முடிசூட்டப்பட்டார். புரன் அப்புவின் தலைமையில் திரண்டவர்கள் இரண்டு நாளுக்குள் மாத்தளையைத் தாக்கினர். கிளர்ச்சி விரைவில் அடக்கப்பட்டு, புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடுவே கிடக்கும் நாலந்தாச் சாலை அந்த நாட்களில் அரசு போட்ட சாலையாகவும், அரசை எதிர்த்தோர் பகுதியின் ஊடே செல்லும் சாலையாகவும் ஒருங்கே இருந்தது.

புதிய சாலையோடு புதிய தங்குமிடமும் வந்தது. அரசு சாலையோரத்தில் கட்டிப் பராமரித்த தங்குமனையை இலங்கைத் தமிழர் வாடிவீடு என்றும் சிங்களவர் தானாயம என்றும் அழைத்தனர். கரையோரத்தில் ஒல்லாந்தர் காலத்திலேயே இத்தகைய மனைகள் இருந்தன. ஆங்கிலேயர் அவற்றை உள்நாடு முழுவதற்கும் விரித்து, ஒருநாள் பயணத் தூரத்துக்கு ஒன்றாக நிறுவ முயன்றனர். அவற்றின் நிர்வாகம் பெரும்பாலும் மாகாண, மாவட்ட வீதிக் குழுக்களிடம் இருந்தது. எல்லா வாடிவீடுகளும் ஒரே தரமானவை அல்ல: சிலவற்றில் கட்டிலும் மேசையும் பாத்திரமும் சமையலாளும் இருக்க, வேறு சிலவற்றில் கூரையும் நான்கு சுவர்களும் தவிர எதுவும் இராமையால், பயணி தன் படுக்கையையும் அரிசியையும் சமையற்காரனையும் தன்னோடு கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட நாலந்தா வாடிவீடு, இடிந்த பழநகரங்களைக் காணப் புறப்பட்டவர்களும் அரசு அலுவலரும் தங்கிச் செல்லும் நிலையமாக விளங்கியது.

வாடிவீட்டின் உருவம் தீவு முழுவதும் ஏறத்தாழ ஒன்றே. சாலையிலிருந்து சற்று உயரத்தில் ஒற்றைத்தளக் கட்டடம். முன்புறம் முழுவதும் நீண்ட விறாந்தை. அதில் கால் நீட்டிச் சாய்வதற்கு நீண்ட கைகள் கொண்ட பிரம்பு நாற்காலிகள். நடுவே சாப்பாட்டுக் கூடம். இருபக்கமும் இரண்டு மூன்று அறைகள். பின்புறம் தனியே சமையற்கட்டும் குதிரை லாயமும். உள்ளே சுவரில் கட்டண அட்டவணை தொங்கும். அறைக்கு இவ்வளவு, விரிப்புக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு, குளிக்கும் நீருக்கு இவ்வளவு என ஒவ்வொன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். மேசைமேல் வருகைப் பதிவேடு இருக்கும். வந்தவர் பெயரையும், புறப்பட்ட இடத்தையும், செல்லும் இடத்தையும், முறைப்பாடு இருந்தால் அதையும் எழுதவேண்டும். கடமையின் பொருட்டுச் செல்லும் அரசு அலுவலருக்கே முதலிடம். விருந்தினர் வந்து இறங்கிய பின்னரே பின்முற்றத்தில் கோழி துரத்தப்படும் சத்தம் கேட்பது வழக்கமாகையால், அன்றைய இரவுணவு என்னவென்று கேட்கவேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்பட்டதில்லை. கட்டிலுக்கு மேல் கொசுவலை கட்டியிருக்கிறதா என்பதே 20ஆம் நூற்றாண்டில் மாத்தளைக்கு வடக்கே பயணம் செய்தவரின் முதற்கேள்வியாக இருந்திருக்கவேண்டும். ஏனெனில் உலர்வலயத்தின் காய்ச்சல் எல்லோரும் அஞ்சிய ஒன்று. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிறுவப்பட்டது; 1934 – 35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் 80,000 பேர் வரை பலிகொண்டது என்பதிலிருந்து அந்த அச்சத்தின் அளவை உணரலாம்.

வாடிவீட்டின் நடுநாயகம் அதன் பொறுப்பாளர். வாடிவீட்டுக் காப்பாளர் என்று அழைக்கப்பட்ட அவரே சமையலுக்கும் கணக்குக்கும் பதிவேட்டுக்கும் பொறுப்பு. சம்பளம் குறைவாகவும் விருந்தினரின் எதிர்பார்ப்பு அதிகமாகவும் இருந்த அத்தொழிலில், வெளியூர்ப் பயணிக்கு ஊரின் செய்தி முழுவதும் அவர் வாய்வழியாகவே கிடைத்தது. ஜெர்மன் உயிரியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881 – 82இல் தென்கரையிலுள்ள வெலிகம வாடிவீட்டில் ஏறத்தாழ ஆறு வாரம் தங்கி, அதன் ஓர் அறையையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். அங்கிருந்த முதிய காப்பாளரின் முகச்சாயலையும் தத்துவப் பேச்சையும் கண்டு அவருக்குச் சோக்கிரட்டீஸ் என்று பெயரிட்டு, தம் பயண நூலில் அவரை நிலைபெறச் செய்தார். எழுதத் தெரிந்தவர் வந்து தங்கியமையால் வாடிவீடுகளுக்கு இத்தகைய பதிவுகள் கிடைத்தன. மாத்தளையில் அரசு அலுவலராக இருந்த ஜொனதன் ஃபோர்ப்ஸ் 1840இல் வெளியிட்ட நூல் முதல், பின்வந்த வழிகாட்டி நூல்கள் வரை, இச்சாலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துகளில் பெரும்பகுதி விறாந்தையிலிருந்து பார்த்து எழுதப்பட்டவை.

அந்த விறாந்தையின் முன்னால் சாலையில் நடந்துபோனவர்களே இவ்வழியின் மிகப் பெரிய பயணிக் கூட்டம். 1830களில் கண்டி மலைகளில் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியபோது தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருநெல்வேலி, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து தமிழர் திரள் திரளாக வந்தனர். ஊரிலிருந்து நடந்து இராமநாதபுரக் கரையை அடைந்து, தோணியேறித் தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி, மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு அவர்கள் வந்து சேர்ந்தனர். மன்னாரிலிருந்து மாத்தளை வரையுள்ள 150 மைல் அளவான காட்டுவழி வடக்குப் பாதை எனப்பட்டது. கங்காணி என்ற ஆள்சேர்ப்பவரின் கீழ் வந்த ஒவ்வொரு குழுவிலும் பெரும்பாலோர் ஒரே ஊர், உறவு, சாதியைச் சேர்ந்தவர்கள். வழியில் அவர்கள் உண்ட அரிசியின் விலையும் தோணிக் கூலியும் கங்காணி கொடுத்த முன்பணத்தோடு சேர்த்துக் கணக்கெழுதப்பட்டன. வாடிவீட்டு விருந்தினர் தங்கியதற்கான பணத்தை மறுநாள் காலையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். தோட்டத் தொழிலாளர் காட்டில் படுத்த இரவுகளின் செலவை மலையில் மாதக்கணக்கில் உழைத்துத் தீர்த்தார்கள்.

அவர்கள் எங்கே படுத்தார்கள்? முதல் இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் மரத்தடியில், அல்லது பாழடைந்த அம்பலத்தில், அல்லது எதுவுமில்லாத வெட்டவெளியில். வறட்சி மாதங்களில் நீர்நிலைகள் வற்றிவிடும். எஞ்சிய குட்டையின் கலங்கல் நீரைக் குடித்தவர்களை வாந்திபேதி பிடித்தது. நடக்க முடியாதவர் பின்தங்கினர். பின்தங்கியவருக்காகக் கூட்டம் காத்திருக்கவில்லை. யானைக்கும் சிறுத்தைக்கும் அஞ்சி இரவு முழுவதும் தீ வளர்த்துக் காத்திருக்கவேண்டும். 1840களில் மட்டும் இவ்வழியிலும் தோட்டங்களிலுமாக இறந்தவர்களின் தொகை 70,000 வரை இருக்கலாம் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. அக்கணக்கின் துல்லியம் குறித்து வரலாற்றாய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், அழிவு பேரழிவாக இருந்ததை மறுப்பவர் எவருமில்லை. அரசுக் கருவூலத்துக்குக் கோப்பியால் வருவாய் குவிந்த அதே பத்தாண்டில், அந்தக் கோப்பியைப் பறிக்க வந்தவருக்கு வழியில் ஒரு கிணறு வெட்டிக்கொடுக்கக்கூட ஆட்சி நெடுநாள் தாமதித்தது என்பது மன்னிக்கத்தக்கதன்று.

1858இல் குடிபெயர் தொழிலாளர் ஆணைக்குழு ஒன்று சட்டப்படி நிறுவப்பட்ட பின்னரே நிலை ஓரளவு மாறியது. ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் பாதை சீர்செய்யப்பட்டு, இடையிடையே கிணறுகளும் கூலிக் கொட்டகைகளும் அமைக்கப்பட்டன. கூலிக் கொட்டகை என்பது கம்புகளின்மேல் கிடுகோ வைக்கோலோ வேய்ந்த நீண்ட தாழ்வாரம். தரை மண், படுக்கை அவரவர் கொண்டுவந்த துணி. அம்பலத்தைப்போல அதற்கும் கதவு கிடையாது. ஆனால் அம்பலத்தை ஊரார் தம் அறமாகக் கட்டினார்கள், கொட்டகையை ஆட்சியும் தோட்ட முதலாளிகளும் வேலையாள் உயிரோடு வந்து சேரவேண்டும் என்ற கணக்கில் கட்டினார்கள். அந்த வேறுபாடு அங்கே படுத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். 1876 – 78இன் தாது வருடப் பஞ்சக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் தொகை ஓராண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியபோது, எத்தனை கொட்டகைகள் இருந்தாலும் அவை போதியிருக்க முடியாது.

மக்கள் நடமாட்டம் ஒருவழியானதன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கோப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர்; சேமித்த சிறு தொகையை மடியில் முடிந்துகொண்டு தெற்கிலிருந்து வடக்கே நடந்தவர்களுக்கு, மாத்தளையை விட்ட பின் வரும் முதல் இரவுகளில் ஒன்று நாலந்தாப் பகுதியில் கழிந்தது. வருபவரும் போகிறவரும் ஒரே அடுப்படியில் சந்தித்தபோது, எந்தத் தோட்டத்துத் துரை கொடியவர், எந்தக் கங்காணி கணக்கில் ஏமாற்றுவார், எங்கே நீர் உண்டு, எங்கே நோய் பரவுகிறது என்ற செய்திகள் கைமாறியிருக்கும். எழுதத் தெரியாத அம்மக்களுக்கு அந்தப் பேச்சே வழிகாட்டி நூல்.

நடை முடியும் இடம் மாத்தளை. அங்கிருந்தே குழுக்கள் பிரிந்து தோட்டங்களுக்குச் சென்றன. உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றியாக அவர்கள் வில்வ மரத்தடியில் மாரியம்மனை வைத்து வணங்கினர் என்பதும், அந்த வழிபாடே 1852ஆம் ஆண்டளவில் இன்றைய மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலாக உருப்பெறத் தொடங்கியது என்பதும் அவ்வூர் மரபு. 1983 ஜூலை வன்செயலில் எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட அக்கோவிலின் மாசிமகப் பஞ்சரத பவனியில் இன்றும் பல்லாயிரவர் கூடுகின்றனர். அம்மை நோய்க்கும் வெம்மைக்கும் உரிய தெய்வத்தை, காட்டுவழியின் முடிவில் அமர்த்தினார்கள் என்பதில் அவர்கள் எவற்றுக்கு அஞ்சி நடந்தார்கள் என்பது அடங்கியிருக்கிறது.

1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குத் தொடருந்து வந்தது. அதன் பின் சில காலம் நாலந்தாச் சாலை முன்னைவிடச் சுறுசுறுப்பாக இயங்கியது. மாத்தளை நிலையத்தில் இறங்கியவர்களையும் தபாலையும் தம்புள்ளை, அநுராதபுரம், திருகோணமலைப் பக்கங்களுக்கு ஏற்றிச் செல்லும் தபால் வண்டிகள் இதே வழியே ஓடின. 1904இல் குருணாகல் வழியாக அநுராதபுரத்துக்கும், 1905இல் யாழ்ப்பாணம் வரைக்கும் வடக்கு இருப்புப்பாதை திறந்ததும் நெடுந்தூரப் பயணி இச்சாலையைக் கைவிட்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பணியேற்கச் சென்ற லெனார்ட் வுல்ஃப், அநுராதபுரத்துக்கு வடக்கே இருப்புப்பாதை முழுமை பெறாத பகுதியைத் தபால் கோச்சு என்ற பெயர் பெற்ற மாட்டு வண்டியில் கடந்ததைத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அத்தகைய பயணத்தின் கடைசி சாட்சிகளில் அவர் ஒருவர். தொழிலாளரின் நடைவழியும் ஏறத்தாழ அதே காலத்தில் மூடப்பட்டது. பிளேக் நோய் அச்சத்தால் 1890களின் இறுதியில் வடக்குப் பாதை நிறுத்தப்பட்டு, அவர்கள் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வரவழைக்கப்பட்டனர். 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பல் சேவையும் இருப்புப்பாதையும் இணைந்தபின், மண்டபம் முகாம் வழியாகத் தொடருந்திலேயே மலைக்கு ஏறினர். கொட்டகைகள் மண்ணோடு மண்ணாயின. கிடுகும் கம்பும் எத்தனை மழைக்குத் தாங்கும்?

வாடிவீடு பிழைத்துக்கொண்டது. மோட்டார் வாகனம் அதற்குப் புது வாழ்வளித்தது. ஒரே நாளில் கண்டியிலிருந்து தம்புள்ளைக்குச் செல்ல முடிந்தபோது, இரவுத் தங்கலாக இருந்த நாலந்தா நண்பகல் உணவுக்கும் தேநீருக்கும் நிற்கும் இடமாயிற்று. சோறும் கறிகளும் பப்படமும் முடிவில் ஒரு புடிங்கும் என வாடிவீட்டுச் சாப்பாடு தீவெங்கும் ஒரே மாதிரியான புகழைப் பெற்றது. சுதந்திரத்துக்குப் பின் 1966இல் சுற்றுலாத்துறைக்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டபோது இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, பெயர்பெற்ற வாடிவீடுகள் பல அதன் பொறுப்பில் வந்தன. மற்றவை உள்ளூராட்சி மன்றங்களின் கையிலோ தனியார் குத்தகையிலோ தொடர்ந்தன. 1994இல் தம்புள்ளைக்கருகே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கந்தளம ஹோட்டல் திறக்கப்பட்டதோடு, இவ்வட்டாரத்தில் தங்குவது என்பதன் பொருளே உயர் வருவாய்ப் பயணியை நோக்கித் திரும்பியது.

எளிய பயணி அதனால் இடமின்றிப் போகவில்லை. 1958 ஜனவரி 1ஆம் தேதி பேருந்துகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபின், நெடுந்தூரப் பேருந்துகள் நிற்கும் இடங்களில் தேத்தண்ணீர்க் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெருகின. இலங்கையில் ஓட்டல் என்ற சொல் பெரும்பாலும் இத்தகைய சாப்பாட்டுக் கடையையே குறிக்கும். படுக்க இடம் வேண்டுமென்றால் விடுதி என்றோ லொட்ஜ் என்றோ கேட்கவேண்டும். மாத்தளைக்கும் நாலந்தாவுக்கும் இடையே வாசனைத் திரவியத் தோட்டங்கள் சுற்றுலாப் பயணிகளை வண்டியை விட்டு இறங்கச் செய்ய, அவற்றை ஒட்டியும் அப்பாலும் இரண்டு மூன்று அறைகள் கொண்ட விடுதிகள் எழுந்தன: சீமெந்துத் தரை, சுழலும் மின்விசிறி, உத்தரத்திலிருந்து தொங்கும் கொசுவலை, விடியலில் வெறும் தேநீரும் பாணும் சம்பலும். அலங்காரம் எதுவும் இல்லாத இந்த அறைகளே, லொறிச் சாரதிகளுக்கும் விற்பனை முகவர்களுக்கும் குடும்பத்தோடு யாத்திரை செல்வோருக்கும், அம்பலம் முன்பு ஆற்றிய தொண்டைக் காசுக்குச் செய்கின்றன. போர்க்காலத்தில் வன்னியில் ஏ-9 சாலை ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தபோது வடக்குப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2009இல் போர் முடிந்தபின் சாலை முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்ததும், யாழ்ப்பாணப் பேருந்துகளும் அவற்றை நம்பிய கடைகளும் திரும்பின.

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூரும் வகையில், 2023 ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபவனி, முன்னோர் நடந்த அதே வழியில் தம்புள்ளை கடந்து ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையை வந்தடைந்தது. காணி உரிமை, நியாயமான ஊதியம், சம குடியுரிமை ஆகியவற்றைக் கோரி நடந்தவர்கள், அந்தப் பாதையை ஏட்டிலிருந்து மீண்டும் தரைக்குக் கொண்டுவந்தார்கள். அதைத் தொடரவேண்டிய பொறுப்பு எஞ்சியவர்களுடையது. வாடிவீட்டுப் பதிவேடுகள் அலுவலரின் பெயர்களைக் காத்துவைத்தன. கொட்டகைகளில் படுத்தவர்களின் பெயர்களை எந்த ஏடும் காக்கவில்லை. தாத்தா, பாட்டி வாயிலாக வந்த தங்கல் இடங்களின் பெயர்கள், கிணறுகள், வழியில் இறந்த உறவினர் பற்றிய நினைவுகள் மாத்தளை, கண்டி, நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் இன்னும் சில குடும்பங்களிடம் இருக்கக்கூடும். அவற்றை இடப்பெயரோடு எழுதிவைப்பதும், மதவாச்சியிலிருந்து நாலந்தா வரை அந்தத் தங்கல்கள் இருந்த இடங்களை அடையாளம் கண்டு, மும்மொழியிலும் பெயர்க்கல் நாட்டும்படி தொல்லியல் திணைக்களத்தையும் பிரதேச சபைகளையும் கேட்பதும் இத்தலைமுறை செய்யவேண்டிய வேலைகள். இக்கட்டுரையைப் படிக்கும் மலையகத்து ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊரிலிருந்து அதைத் தொடங்கவேண்டும்.